பிரித்தானியக் குடியுரிமை இல்லாமல் கவுன்சில் தேர்தலில் வாக்களிக்கலாமா?

கேள்வி:

வணக்கம் ஐயா. லண்டன் ஹரோவில் வசிக்கிறேன். 2009 கடைசியில் அகதியாக வந்தேன். இப்போது நிரந்தர வதிவிட அனுமதி இருக்கிறது. பிரித்தானியக் குடியுரிமைக்கு இன்னும் விண்ணப்பிக்கவில்லை. 1,600 பவுணுக்கு மேல் கட்ட வேண்டும், வீட்டுக்கடன் எடுத்து முடியட்டும் என்று தள்ளிப் போட்டுக்கொண்டு வருகிறோம். கணவர் 2015 இல் நோர்வேயிலிருந்து வந்தவர், நோர்வே கடவுச்சீட்டு. மகனுக்கு 17 வயது, பிரித்தானியக் கடவுச்சீட்டு. அக்காவின் மகள் மாணவர் விசாவில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து எங்களோடு தங்கிப் படிக்கிறாள்.

ஒவ்வொரு வருடமும் கவுன்சிலிலிருந்து, வீட்டில் யார் யார் வாக்காளர் என்று கேட்டு ஒரு கடிதம் வரும். நாங்கள் சிட்டிசன் இல்லைத்தானே என்று அதை ஒரு பக்கம் போட்டுவிடுவேன். போன மாதம் கோயிலில் ஒருவர், "சிட்டிசன் இல்லாத ஆக்கள் பதிந்தால் பிறகு சிட்டிசன்சிப் எடுக்கும்போது பிடிபடுவீர்கள்" என்றார். இன்னொருவர், "பதியாவிட்டால் ஃபைன் அடிப்பார்கள்" என்கிறார். அண்மையில் கட்சிக்காரர்கள் எங்கள் தெருவுக்கு வந்தார்கள். பக்கத்து வீட்டு மணியை அடித்தார்கள், எங்கள் வீட்டைத் தாண்டிப் போய்விட்டார்கள். ஆனால் இரவிலே பழைய மெத்தையும் ஃபிரிட்ஜும் கொண்டுவந்து கொட்டுவது எங்கள் வாசலுக்கு முன்னால்தான். நாங்கள் வாக்குப் போடலாமா, கூடாதா? பெயர் வெளியிட வேண்டாம்.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன், விளக்கம் பிறகு. நீங்கள் வாக்களிக்கலாம். அக்காவின் மகளும் வாக்களிக்கலாம். மகன் இப்போதே பெயரைப் பதியலாம், 18 வயது ஆனதும் வாக்களிப்பார். உங்கள் கணவர் ஒருவருக்குத்தான் இங்கிலாந்தில் அந்த உரிமை இல்லை. நான்கு பேர் இருக்கிற வீட்டில் மூன்று பேருக்கு உரிமை இருந்தும், வாக்காளர் இடாப்பில் ஒரு பெயர்கூட இல்லை. சட்ட ஆலோசனை நிலையத்தில் என் மேசைக்கு முன்னால் வந்து இருப்பவர்களில் இப்படியான வீட்டுக்காரர் எத்தனை பேர் என்று எண்ணினால் எனக்கு மனம் கனக்கும். வேறு அலுவலாக வருவார்கள். பேச்சுவாக்கில் வாக்கைப் பற்றிக் கேட்டால், "அது சிட்டிசன் ஆக்களுக்குத்தானே" என்பார்கள். பத்து, பதினைந்து வருடம் இங்கே வேலை செய்து கவுன்சில் வரி கட்டியவர்கள் சொல்லும் பதில் இது.

இந்த நாட்டில் வாக்குரிமை பிரித்தானியக் குடிமக்களுக்கு மட்டும் உரியதல்ல. 1983 ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின்படி ஐரிஷ் குடிமக்களும் தகுதியுள்ள பொதுநலவாய நாட்டுக் குடிமக்களும் வாக்காளர்களே. இலங்கை பொதுநலவாய நாடு. இந்தியா, மலேசியா, சிங்கப்பூர், மொரீஷியஸ், தென்னாபிரிக்கா, கனடா, அவுஸ்திரேலியா எல்லாமே அப்படித்தான். தமிழர் பரம்பரையாக வாழும் நாடுகளில் பெரும்பாலானவை இந்தப் பட்டியலுக்குள் வந்துவிடும். "தகுதியுள்ள" என்ற சொல்லுக்கு அர்த்தம் இவ்வளவுதான்: நீங்கள் இங்கே வசிக்க வேண்டும், இந்த நாட்டில் தங்குவதற்கு ஏதாவது ஒரு அனுமதி இருக்க வேண்டும், அல்லது அனுமதியே தேவைப்படாதவராக இருக்க வேண்டும். அந்த அனுமதி நிரந்தரமானதாக இருக்க வேண்டும் என்று சட்டம் கேட்கவில்லை. மாணவர் விசா போதும், வேலை விசா போதும், துணைவர் விசா போதும். கவுன்சில் தேர்தல் மட்டுமல்ல, பாராளுமன்றத் தேர்தலிலும் உங்களுக்கு வாக்கு உண்டு. இதைச் சொன்னால் முதல் தடவை யாரும் நம்புவதில்லை.

உங்கள் விடயத்தில் இன்னொரு குழப்பம் வரலாம். அகதி அந்தஸ்துப் பெற்றதால் உங்கள் இலங்கைக் குடியுரிமை இல்லாமற் போகவில்லை. நீங்களாக எழுதிக் கொடுத்து விட்டிருந்தாலொழிய, சட்டப்படி நீங்கள் இன்னும் இலங்கைக் குடிமகள்தான். விண்ணப்பத்தில் நாட்டுரிமை என்ற இடத்தில் இலங்கையர் என்று கொடுங்கள். "அகதி" என்று ஒரு நாட்டுரிமை கிடையாது.

யாருக்கு முடியாது என்பதையும் சொல்லிவிடுகிறேன், வீட்டுக்கு வந்து போகும் உறவினருக்கு உதவும். அகதி விண்ணப்பம் போட்டுவிட்டு முடிவுக்காகக் காத்திருப்பவர்கள், வேறு அனுமதி எதுவும் இல்லையென்றால், பதிய முடியாது. பேரப்பிள்ளையைப் பார்க்க ஆறு மாத விசாவில் வந்திருக்கும் அம்மா இங்கே வசிப்பவர் அல்ல, அவரும் முடியாது. ஆனால் விசா முடிவதற்கு முன்பே நீட்டிப்புக்கு விண்ணப்பித்துப் பதிலுக்குக் காத்திருக்கிறவரின் பழைய அனுமதி தொடர்கிறது என்றே குடிவரவுச் சட்டம் கொள்கிறது. அவர் பயப்படத் தேவையில்லை.

இனி உங்கள் கணவர். இது அவருக்குக் கசப்பாக இருக்கும். நோர்வே பொதுநலவாய நாடும் அல்ல, ஐரோப்பிய ஒன்றியத்திலும் இல்லை. நிரந்தர வதிவிடம் இருந்தாலும் இங்கிலாந்தின் கவுன்சில் தேர்தலில் அவருக்கு வாக்கு இல்லை. சுவிஸ் கடவுச்சீட்டோடு வந்த நம்மவர்களுக்கும் இதே நிலைதான். ஐரோப்பாவிலிருந்து லண்டனுக்கு மாறி வந்த தமிழ்க் குடும்பங்களில் இது பெரிய சிக்கல், ஏனென்றால் ஒரே வீட்டில் அண்ணனுக்கு ஒரு சட்டம், தம்பிக்கு ஒரு சட்டம். பிரான்ஸ், ஜெர்மனி, நெதர்லாந்துக் கடவுச்சீட்டுக்காரர் 2020 முடிவதற்கு முன்னரே இங்கே சட்டப்படி வசிக்கத் தொடங்கி, அது தொடர்ந்திருந்தால் கவுன்சில் தேர்தலில் வாக்களிக்கலாம். அதற்குப் பிறகு வந்தவர்களுக்கு 2024 மே மாதத்திலிருந்து அந்த உரிமை இல்லை. டென்மார்க், போலந்து, போர்த்துக்கல், ஸ்பெயின், லக்சம்பேர்க் ஆகிய ஐந்து நாடுகளோடு பிரித்தானியா தனித்தனி உடன்படிக்கை செய்திருப்பதால் அந்த நாட்டவர் எப்போது வந்தார் என்ற கேள்வியே இல்லை. உங்கள் கணவர் கார்டிஃபிலோ கிளாஸ்கோவிலோ இருந்திருந்தால் அங்கே கவுன்சில் தேர்தலில் வாக்களித்திருப்பார். வேல்ஸும் ஸ்கொட்லாந்தும் சட்டப்படி வசிக்கும் எந்த நாட்டவருக்கும் உள்ளூராட்சி வாக்கைக் கொடுத்துவிட்டன. இங்கிலாந்து கொடுக்கவில்லை. கொடுக்க வேண்டும் என்பதே என் கருத்து. அவர் கட்டும் கவுன்சில் வரிக்கு நோர்வே வரி, இலங்கை வரி என்று வேறுபாடு இல்லையே. ஒரு நல்ல செய்தியும் உண்டு: 2020 ஜனவரியிலிருந்து நோர்வே இரட்டைக் குடியுரிமையை அனுமதிக்கிறது. குடியுரிமைக்குப் பணம் சேர்க்கும்போது அவரையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள், நோர்வே கடவுச்சீட்டை இழக்க வேண்டியதில்லை.

அதுவரை ஒரு எச்சரிக்கை. "எல்லோருடையதையும் போட்டு விடுவோம், அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்" என்று அவருடைய பெயரில் விண்ணப்பம் போடாதீர்கள். பதிவில் தெரிந்துகொண்டு பொய்த் தகவல் கொடுப்பது குற்றம். 6 மாதம் வரை சிறை, அல்லது தண்டம், அல்லது இரண்டும் கிடைக்கலாம்.

கோயிலில் அவர் சொன்ன பயம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். விண்ணப்பத்தில் ஒரு வரி இருக்கிறது: பிரித்தானியக் குடிமகன் அல்லாதவருடைய குடிவரவு நிலை உள்துறை அமைச்சின் பதிவுகளோடு சரிபார்க்கப்படலாம் என்று. 'ஹோம் ஒஃபிஸ்' என்ற இரண்டு சொல்லைக் கண்டதும் நம்மவர்கள் கணினியை மூடிவிடுவார்கள். விமான நிலையத்திலும் நேர்காணல் அறையிலும் பட்டபாடு அப்படி, அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் அவர்கள் சரிபார்த்தால் என்ன தெரியவரும்? உங்களுக்கு நிரந்தர வதிவிட அனுமதி இருக்கிறது என்பது தெரியவரும். அது அவர்களே தந்தது. உரிமை உள்ளவர் உண்மையைச் சொல்லிப் பதிவதால் விசாவுக்கும் கேடில்லை, நாளைக்குப் போடப் போகும் குடியுரிமை விண்ணப்பத்துக்கும் கேடில்லை. பிடிபடுவதற்கு எதுவும் செய்தால்தானே பிடிபட?

மற்றவர் சொன்ன ஃபைன் கதை பாதி உண்மை. தகுதியுள்ளவர் என்று தெரிந்து, பதியச் சொல்லிக் கவுன்சில் திரும்பத் திரும்ப எழுதி, கடைசியில் கட்டாயம் பதிய வேண்டும் என்று அறிவித்தல் அனுப்பியும் பேசாமல் இருந்தால் 80 பவுண் அறவிடலாம். அது கடைசிப் படி. நீங்கள் பதியப் போவதால் அதை மறந்துவிடலாம்.

அந்த வருடாந்தக் கடிதத்தைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதற்குப் பதில் போடுகிறவர்களும் ஏமாந்து போகிறார்கள். ஊரிலே விதானையார், அதாவது கிராம அலுவலர், வருடா வருடம் படிவத்தோடு வீடு வீடாக வருவார். அப்பா எல்லோருடைய பெயரையும் எழுதி ஒப்பம் வைத்துக் கொடுத்தால் அலுவல் முடிந்தது. இங்கேயும் அப்படித்தான் என்று நினைக்கிறோம். இங்கிலாந்தில் அந்த முறை 2014 இல் முடிந்துவிட்டது. இப்போது ஒவ்வொருவரும் தன் பெயரைத் தானே தனியாகப் பதிய வேண்டும். கோடை தொடங்கி நவம்பர் வரை கவுன்சில் அனுப்பும் கடிதம், இந்த முகவரியில் யார் இருக்கிறார்கள் என்று அறிவதற்கான கணக்கெடுப்பு மட்டுமே. அதில் உங்கள் பெயரை எழுதி அனுப்பினாலும் நீங்கள் வாக்காளர் ஆகிவிடமாட்டீர்கள், பதியச் சொல்லி உங்களுக்கு இன்னொரு அழைப்பு வரும். அந்த இரண்டாவது கடிதத்தை, "அதுதான் அனுப்பியாச்சே" என்று குப்பையில் போட்டவர்களை நான் கண்டிருக்கிறேன். தேர்தலன்று வாக்குச்சாவடியில் பெயர் இல்லை என்று தெரிந்தபோது அவர்கள் முகம் போன போக்கு இன்னும் நினைவிருக்கிறது. கணக்கெடுப்புக் கடிதத்துக்கும் பதில் போடுங்கள், பதிவையும் தனியாகச் செய்யுங்கள்.

பதிவு அரசின் கவ் டாட் யூகே தளத்தில், 'ரெஜிஸ்டர் டு வோட்' என்ற பக்கத்தில். காசு கட்டத் தேவையில்லை. ஐந்து பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். பெயர், பிறந்த திகதி, முகவரி, நாட்டுரிமை, தேசியக் காப்புறுதி இலக்கம் கேட்பார்கள். இலக்கம் உங்கள் சம்பளச் சீட்டில் இருக்கும். அக்காவின் மகளுக்கு இன்னும் அந்த இலக்கம் கிடைக்கவில்லை என்றால் இல்லை என்று குறிப்பிட்டு, ஏன் இல்லை என்று எழுதலாம். கவுன்சில் வேறு அத்தாட்சி கேட்டு எழுதும்.

நம்மவர்கள் இடறி விழும் இடம் பெயர். உதாரணத்துக்கு, கடவுச்சீட்டில் குடும்பப் பெயர் கந்தையா, மற்றப் பெயர் சிவராசா என்று இருக்கும். கந்தையா அவருடைய தகப்பன். வேலைக்குச் சேரும்போது மாறிப்போய்ச் சம்பளச் சீட்டில் சிவராசா குடும்பப் பெயராகிவிடும். வங்கியில் எஸ். கந்தையா. கலியாணமான பெண்ணென்றால் தகப்பன் பெயரில் பாதி, கணவன் பெயரில் பாதி. கவுன்சில் உங்கள் பெயரையும் பிறந்த திகதியையும் காப்புறுதி இலக்கத்தையும் அரசின் பதிவோடு ஒப்பிட்டுப் பார்க்கும். அந்தப் பதிவில் எப்படி இருக்கிறதோ அதே எழுத்து, அதே ஒழுங்கில் கொடுத்தால் ஒருவரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள். பொருந்தாவிட்டால் விண்ணப்பம் தள்ளுபடியாகிவிடாது, அடையாளத்துக்குப் பத்திரம் கேட்டுக் கடிதம் வரும். அதற்கு உரிய நாளுக்குள் பதில் கொடுக்காமல் விட்டால்தான் விண்ணப்பம் அப்படியே செத்துப்போகும். ஆகவே விண்ணப்பித்த பிறகு சில கிழமைகளுக்குக் கவுன்சில் முத்திரையோடு வரும் எந்தக் கடிதத்தையும் திறக்காமல் வைக்காதீர்கள். வீடு மாறினால் மீண்டும் பதிய வேண்டும், பழைய பதிவு உங்கள் பின்னால் வராது.

விண்ணப்பத்தின் கடைசியில் திறந்த இடாப்பு பற்றி ஒரு கேள்வி வரும். இடாப்பு இரண்டு வகை. முழு இடாப்பு தேர்தலுக்கும், குற்றத் தடுப்புக்கும், கடன் விண்ணப்பங்களைச் சரிபார்ப்பதற்கும் உரியது. திறந்த இடாப்பை யாரும் காசு கொடுத்து வாங்கலாம். அதில் பெயர் வேண்டாம் என்று குறித்துவிடுங்கள், உங்கள் வாக்குக்கு ஒரு குறையும் வராது. முகவரி வெளியே போகும் என்று அகதியாக வந்தவர்கள் அஞ்சுவதில் நியாயம் இருக்கிறது. முழு இடாப்பைப் பொதுமக்கள் பார்ப்பதென்றால் உத்தியோகத்தர் முன்னிலையில், கையால் குறிப்பெடுக்க மட்டுமே அனுமதி, படம் பிடிக்க முடியாது. கணவனின் வன்முறையிலிருந்து தப்பி வாழும் பெண் போன்று, பெயர் வெளியானால் உண்மையிலேயே ஆபத்து உள்ளவர்களுக்குப் பெயரும் முகவரியும் இடாப்பில் வராதபடி அநாமதேயமாகப் பதியும் வழியும் உண்டு. அப்படி யாராவது உங்களுக்குத் தெரிந்தவர் இருந்தால் அவரிடம் இதைச் சொல்லுங்கள். வீட்டுக்கடன் என்று எழுதியிருந்தீர்கள். கடன் கொடுக்கும் நிறுவனங்கள் நீங்கள் சொன்ன முகவரியில் இருக்கிறீர்களா என்று பார்க்கும் இடங்களில் இந்த இடாப்பும் ஒன்று. இவ்வளவு காலமும் பதியாமல் இருந்தது அந்த வகையிலும் உங்களுக்கு நட்டம்தான்.

எப்போது பதிய வேண்டும்? இன்றைக்கே. லண்டனின் 32 பரோ கவுன்சில்களுக்கும் நான்கு வருடத்துக்கு ஒருமுறை, மே மாத முதல் வியாழக்கிழமையில் ஒன்றாகத் தேர்தல்: 2018, 2022, 2026 என்று அந்த ஒழுங்கு போகும். இடையில் ஒரு கவுன்சிலர் விலகினாலோ இறந்தாலோ இடைத்தேர்தல் வரும், அது எந்த மாதத்திலும் வரலாம். பதிவு, தேர்தலுக்கு 12 வேலை நாட்களுக்கு முன் நள்ளிரவோடு மூடப்படும். சனி, ஞாயிறு, வங்கி விடுமுறை எதுவும் அந்தப் பன்னிரண்டில் சேராது. ஆகவே மே தேர்தலென்றால் ஏப்ரல் நடுப்பகுதியிலேயே கதவு சாத்தப்பட்டுவிடும். எங்கள் நிலையத்துக்கு வருபவர்களிடம் நான் சொல்லும் கணக்கு, சித்திரை வருடப்பிறப்புக்கு முன் பதிந்துவிடுங்கள் என்பது. அதற்குப் பிந்தினால் கரைச்சல்தான்.

சரி, பெயர் வந்துவிட்டது, வாக்காளர் அட்டையும் தபாலில் வந்துவிட்டது என்று வைப்போம். இப்போது அடையாள அட்டை. 2023 மே மாதத்திலிருந்து இங்கிலாந்தில் கவுன்சில் தேர்தலுக்குப் படம் உள்ள அடையாளம் கட்டாயம். தேர்தல் நாட்களில் நான் வாக்குச்சாவடியில் எழுத்தராக வேலை செய்வதுண்டு. 2024 மே, லண்டன் மேயர் தேர்தலன்று பின்னேரம், ஒரு ஆரம்பப் பாடசாலை மண்டபம். எழுபது தாண்டிய ஐயா ஒருவர், நெற்றியில் திருநீறு, மடிப்புக் கலையாத சேட்டு, பேர்ஸிலிருந்து இலங்கை அடையாள அட்டையை எடுத்து நீட்டினார். ஓரமெல்லாம் மஞ்சள் பூத்த, லாமினேட் செய்த பழைய அட்டை. எனக்கு அதை மறுப்பது சுலபமாக இருக்கவில்லை. அந்த அட்டையைச் சோதனைச் சாவடிகளில் எத்தனை தரம் நீட்டியிருப்பார். ஆனால் அது பட்டியலில் இல்லை. "ஐயா, இலங்கைக் கடவுச்சீட்டு வீட்டில் இருக்கிறதா?" என்று கேட்டேன். "அது முடிஞ்சுபோச்சு தம்பி" என்றார். முடிந்தாலும் பரவாயில்லை, படத்தில் உங்கள் முகம் தெரிந்தால் போதும் என்றதும் திரும்பி நடந்தார். அரை மணி நேரத்தில் கடவுச்சீட்டை ஒரு சுப்பர்மார்க்கெட் பையில் சுற்றிக்கொண்டு வந்து, வாக்கைப் போட்டுவிட்டுத்தான் போனார்.

பொதுநலவாய நாட்டுக் கடவுச்சீட்டு செல்லும், காலாவதியானாலும் படம் ஒத்திருந்தால் செல்லும். பிரித்தானியச் சாரதி அனுமதிப்பத்திரம் செல்லும், கற்றுக்கொள்பவருக்குத் தரும் தற்காலிக அனுமதியும் சேர்த்து. கையில் இருக்கும் பழைய பயோமெட்ரிக் வதிவிட அட்டையும் செல்லும். முதியவர்களின் ஃப்ரீடம் பாஸ், 60 வயதுக்கு மேற்பட்டோரின் ஒய்ஸ்டர் அட்டை செல்லும், ஆனால் மாணவர் ஒய்ஸ்டர் செல்லாது, பல்கலைக்கழக அட்டையும் செல்லாது. அக்காவின் மகளிடம் கடவுச்சீட்டோடு போகச் சொல்லுங்கள். நீங்கள் அகதிகளுக்கான பயண ஆவணத்தை நம்பிப் போகாதீர்கள், அது கடவுச்சீட்டுக் கணக்கில் வராது. சாரதி அனுமதியோ வதிவிட அட்டையோ இல்லையென்றால் வாக்காளர் அதிகாரச் சான்றிதழ் என்று ஒன்றை அரசு இலவசமாகத் தருகிறது. ஒரு படம், காப்புறுதி இலக்கம், அவ்வளவுதான். தேர்தலுக்கு 6 வேலை நாட்களுக்கு முன் மாலை 5 மணிக்குள் விண்ணப்பிக்க வேண்டும்.

வாக்களிப்பு காலை 7 மணி முதல் இரவு 10 மணி வரை. பத்துக்கு வரிசையில் நின்றால் பத்துக்குப் பிறகும் வாக்களிக்க விடுவார்கள். விரலில் மை பூசமாட்டார்கள். வாக்குச்சீட்டில் உங்கள் வட்டாரத்துக்கு எத்தனை கவுன்சிலர் என்று போட்டிருக்கும். இரண்டென்றால் இரண்டு புள்ளடி வரை, மூன்றென்றால் மூன்று வரை போடலாம், ஒன்றோடு நிறுத்தினாலும் செல்லும். கூடப் போட்டால் முழுச் சீட்டும் பழுது. ஊர்ப் பழக்கத்தில் விருப்பு வாக்கு என்று இலக்கங்களை எழுதாதீர்கள், புள்ளடி மட்டும். கணவருக்கு வாக்கில்லை என்பதற்காக அவருடைய வாக்கையும் சேர்த்து நீங்கள் போட வேண்டியதில்லை. மேசையில் இருந்து இருவரும் பேசுங்கள், விவாதியுங்கள், ஆனால் மறைப்புக்குள் போகும்போது நீங்கள் மட்டும் போகிறீர்கள்.

வேலை நேரம் ஒத்துவராவிட்டால் தபால் வாக்கு எடுக்கலாம், அதையும் இணையத்தில் விண்ணப்பிக்கலாம், 11 வேலை நாட்களுக்கு முன் மாலை 5 மணியோடு முடியும். இதில் நான் கண்டிப்பாகச் சொல்வது ஒன்று: தபால் வாக்குச்சீட்டை நிரப்பாமல் யார் கையிலும் கொடுக்காதீர்கள், நிரப்பிய பிறகும் கொடுக்காதீர்கள். கோயில் தர்மகர்த்தா கேட்டாலும், ஊர்ச் சங்கத் தலைவர் கேட்டாலும், "நாங்கள் கொண்டுபோய்ச் சேர்க்கிறோம் அக்கா" என்று வேட்பாளரின் ஆள் புன்னகையோடு வந்தாலும். பிரசாரம் செய்பவர் தன் வீட்டாருடையது அல்லாத தபால் வாக்கைக் கையாள்வதே இப்போது குற்றம். நீங்களே பெட்டியில் போடுங்கள்.

கட்சிக்காரர் உங்கள் வீட்டைத் தாண்டிப் போனதற்குக் காரணம் வெறுப்பல்ல. அவர்கள் கையிலிருந்த தாளை நீங்கள் பார்த்திருப்பீர்கள். வாக்காளர் இடாப்பிலிருந்து எடுத்த தெருப் பட்டியல் அது. வீட்டு இலக்கம், அதற்கு நேரே வாக்காளர் பெயர், பக்கத்தில் குறிப்பெழுத இடம். 41, 43, அடுத்தது 47 என்று போகும். 45 இல் யாரும் இல்லையென்றால் அந்த வரியே இருக்காது. மழைக்குள் தெருத் தெருவாக நடப்பவர் தாளில் இல்லாத வீட்டு மணியை ஏன் அடிக்கப் போகிறார்? குப்பைக் கதை அவர் காதுக்குப் போகாமல் இருப்பதும் இதனால்தான். ஆனால் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: வாக்கு இருக்கோ இல்லையோ, வட்டாரத்தில் வசிக்கும் எவருக்கும் வேலை செய்வது கவுன்சிலரின் கடமை. மெத்தையையும் ஃபிரிட்ஜையும் படம் எடுத்து, கவுன்சில் இணையத்தளத்தில் முறைப்பாடு போட்டு, வரும் இலக்கத்தையும் சேர்த்து உங்கள் வட்டாரக் கவுன்சிலருக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். இதை உங்கள் கணவரே செய்யலாம்.

வாக்காளர் இடாப்பில் பெயர் இல்லாமற் போவது என்றால் என்ன என்பதை நம் சனத்துக்கு யாரும் படிப்பிக்கத் தேவையில்லை. 1947 பொதுத் தேர்தலில் வாக்களித்துத் தங்கள் ஆட்களைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய மலையகத் தமிழர்களை, 1948 குடியுரிமைச் சட்டமும் 1949 தேர்தல் திருத்தச் சட்டமும் இடாப்பிலிருந்து துடைத்தெடுத்தன. 1952 இல் அடுத்த தேர்தல் வந்தபோது அவர்களில் மிகப் பெரும்பாலானோருக்கு வாக்கு இருக்கவில்லை. அதைத் திருப்பி வாங்க அரை நூற்றாண்டுக்கு மேல் போனது, 2003 ஆம் ஆண்டுச் சட்டத்தோடுதான் அந்தக் கணக்கு ஒருவழியாக முடிந்தது. தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்து வாசலில் யாரும் வாக்குக் கேட்டு வராத காலத்தில், அந்த லயத்துக்குத் தண்ணீரோ பாதையோ வந்ததா என்று நினைத்துப் பாருங்கள். இங்கே சட்டம் நம் பெயரை வெட்டவில்லை. அழைத்துக் கடிதம் போடுகிறது. நாம் அதை மைக்ரோவேவுக்கு மேலே வைத்துவிடுகிறோம். அதுதான் என்னால் தாங்க முடியாதது.

இன்னொன்றும் சொல்லி வைக்கிறேன், சிரிக்காதீர்கள். நிரந்தர வதிவிட அனுமதி உள்ள பொதுநலவாய நாட்டுக் குடிமகளாக நீங்கள் இந்தக் கவுன்சிலுக்கு வேட்பாளராகவும் நிற்கலாம். பிரித்தானியக் கடவுச்சீட்டு அதற்கும் தேவையில்லை.

இன்று இரவு சாப்பாட்டுக்குப் பிறகு மூன்று பேரும் கைத்தொலைபேசியை எடுத்துக்கொண்டு மேசைக்கு வாருங்கள். முதலில் மகனுடையதைப் போடச் சொல்லுங்கள், அவர் ஐந்து நிமிடத்தில் முடித்துவிட்டு உங்களுக்கும் காட்டித் தருவார். பிறகு அக்காவின் மகள், பிறகு நீங்கள். இந்த வருடத்துக் கவுன்சில் கடிதம் இன்னும் வீட்டில் கிடந்தால் அதையும் தேடி எடுங்கள். அதில் இணையத்தில் பதிலளிப்பதற்கான பாதுகாப்புக் குறியீடு இருக்கும். அதைக் கொடுத்து, உங்கள் வீட்டில் தகுதியுள்ளவர் மூன்று பேர் என்று எழுதிவிடுங்கள். கவுன்சிலிலிருந்து ஏதாவது பத்திரம் கேட்டு வந்தால் அந்தக் கடிதத்தைப் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள், என்ன கொடுப்பதென்று பார்த்துச் சொல்கிறேன்.